மகரந்தப் பொறி வைத்தவர்கள், இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

குலசேகரம் தேன்பெட்டி:

நானே ஆரம்பிக்கிறேன். ரப்பர் தோட்டத்துக்குள் எட்டுப் பெட்டிகள், எல்லாமே நம்ம நாட்டு அடுக்குத் தேனீ. சென்னையில் ஒருவர் மகரந்தம் வேண்டும் என்று கேட்டதால், பிப்ரவரி முதல் வாரம் பலமாக இருந்த மூன்று பெட்டிகளுக்குப் பொறி மாட்டினேன். பொறி என்பது வாசலில் மாட்டுகிற துளைத் தகடு, தேனீ நுழையும்போது காலில் இருக்கிற மகரந்த உருண்டை உரசிக் கீழே தட்டில் விழும். கடையில் வாங்கிய தகடு இத்தாலியத் தேனீக்கானது, 5 மில்லிமீட்டர் துளை. நம்ம தேனீ சின்னது, கால் உருண்டையோடு அப்படியே நுழைந்துவிட்டது, தட்டில் ஒன்றும் விழவில்லை. பட்டறையில் கொடுத்துத் துளையைச் சின்னதாக்கி வேறு தகடு அடித்து வாங்கினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் ஊறும், மகரந்தத்துக்கு அது உதவாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தென்னை, தொட்டாற்சிணுங்கி என்று அலைந்து கொண்டுவருகிற கொஞ்சத்தையும் நான் வாசலில் பறித்துக்கொண்டிருந்தேன். தேன் அறை நிறைவதைப் பார்த்துப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

பத்தாம் நாள் புழு அறையைத் திறந்தால் முட்டை இருக்கிறது, சின்னப் புழுவே இல்லை, மூடிய அறைகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. எனக்கு உடனே வந்த பயம் தாய்லாந்து சாக்புரூடு, புழுக்களைக் கொல்கிற வைரஸ் நோய். 1991, 92இல் அந்த நோயில் அப்பா எல்லாப் பெட்டிகளையும் இழந்தவர், எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே அமைதியாகிவிடுவார்கள். ஆனால் அந்த நோய் என்றால் புழு தலையைத் தூக்கியபடி செத்துக்கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி வரும். அப்படி ஒன்றுகூட இல்லை. இருந்தும் நான் நோயைத்தான் தேடினேன், பொறியைக் கழற்றத் தோன்றவில்லை. மகரந்தம் போதாமல் போனால் தேனீக்கள் தங்கள் புழுவையே தின்றுவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் காலை வாசலில் குனிந்து பார்த்தேன். ஒரு தேனீ இரண்டு காலிலும் வெளிர் மஞ்சள் உருண்டையோடு துளையில் பாதி நுழைந்து திணறியது. உருண்டைகள் உதிர்ந்து வலைவழியாகத் தட்டில் விழுந்தன. அது உள்ளே போகாமல் பின்வாங்கி, வலைமேல் நின்று, கீழே கிடந்ததை நோக்கிக் காலை நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. இரண்டு நாளில் அந்தப் பெட்டி காலி. ராணி உட்பட ஒன்றுகூட மிச்சமில்லை.

உடுமலை மக்காச்சோளம்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. மக்காச்சோளக் காட்டு ஓரம் முப்பது இத்தாலியப் பெட்டிகள். ஆண் பூ வெளிவந்துவிட்டால் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் வாசல் பலகையே மஞ்சளாகிவிடும், அந்த நேரம் ஒரு தட்டு நிறைந்தால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லவே வேண்டாம்.

2018இல் படைப்புழு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் மருந்து அடிக்காத மக்காச்சோளம் அபூர்வம். பொதுவாகக் குருத்தில்தான் அடிப்பார்கள், பூ வந்தபிறகு அடிக்கமாட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன், பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் தட்டை உருவினால் மூக்கில் மருந்து வாடை. வாசலுக்குக் கீழே இருபது முப்பது தேனீக்கள் மல்லாந்து சுற்றிக்கொண்டிருந்தன. சரி, அன்றைய மகரந்தத்தைக் குழி தோண்டிப் புதைத்தேன். ஆனால் முந்தின வாரம் எடுத்தது? அதில் வாடை இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆறு பாக்கெட் போயிருந்தது. எல்லோருக்கும் போன் செய்தேன். ஐந்து திரும்பி வந்தன. ஆறாவது வீட்டில், பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் தினமும் பாலில் கலந்து கொடுத்து முடித்துவிட்டோம் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகும் ஆறு மாதம் நானாகவே போன் செய்து பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியகுளம்:

குலசேகரம் அண்ணே, வருத்தமாக இருக்கிறது, ஆனால் அடுக்குத் தேனீக்குப் பொறி மாட்டியதே தப்பு. கொஞ்சம் சிரமம் கொடுத்தாலே பெட்டியை விட்டுப் போகிற இனம் அது. இத்தாலியத் தேனீ தாங்கும், அதற்கும் அளவு உண்டு.

என் கதை சின்னது. ஆண் தேனீ வெளியே போகிற வழி இல்லாத மலிவுப் பொறி வாங்கி மாட்டினேன். மத்தியானம் ஆண் தேனீக்கள் பறக்கிற நேரத்தில் உள்ளே இரைச்சல், ஒவ்வொரு துளையிலும் ஒரு தடித்த தலை மாட்டிக்கொண்டிருக்கிறது. பணித்தேனீக்கள் வெயிலில் தாடி மாதிரி பெட்டிமேல் தொங்கின.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இத்தாலியக் குடும்பம் ஆண்டு முழுவதும் தனக்கே 20 கிலோ அளவுக்கு மகரந்தம் செலவழிக்கிறது, நாம் எடுப்பது அதன் சாப்பாட்டில் பங்கு. எட்டு சட்டத்துக்கு (தேனீ அடை கட்டுகிற மரச்சட்டம்) குறைந்த பெட்டியில் வைக்காதீர்கள். புது ராணி இன்னும் இணைசேரப் பறக்காத பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். முதல் இரண்டு நாள் தகட்டைப் போடாமல் பொறியின் வெறும் கூட்டை மட்டும் மாட்டிப் பழக்குங்கள், அப்புறம் இரண்டு நாள் தகடு போட்டால் இரண்டு நாள் எடுத்துவிடுங்கள். தட்டை அன்றன்றே சாயங்காலம் காலி செய்ய வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் பனி இறங்கி மறுநாள் பூசணம். மழைநாளில் கழற்றிவிடுங்கள். எறும்புக்கு ஸ்டாண்டு காலில் தண்ணீர்க் கிண்ணம். வெயிலில் காய வைத்தால் நிறமும் சத்தும் போய்விடும், நிழலில் மெல்லிய துணிமேல் பரப்புங்கள், டிரையர் என்றால் 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். காய்ந்ததும் முறத்தில் புடைத்தால் கால், இறக்கைத் துணுக்கு எல்லாம் போய்விடும். காற்றுப்புகாத பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், காய வைக்க நேரமில்லை என்றால் நேராக ஃப்ரீசரில்.

மதுரை அக்கா:

நான் பெட்டி வளர்ப்பவள் இல்லை, வாங்கிச் சாப்பிட்டவள். பெரியகுளம் தம்பி இவ்வளவு எழுதினீர்கள், சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. என் தங்கைக்கு மார்கழி வந்தால் தும்மல் நிற்காது. சத்து என்று சொல்லி ஒரு டீஸ்பூன் நான்தான் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நாக்கு அரிக்கிறது என்றாள், அப்புறம் உதடு, அப்புறம் விரல். கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பார்க்கிறாள், வரவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறாள். பேச்சு அதற்குள் குழறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தாள். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். ஆஸ்துமா, பூந்தூள் அலர்ஜி இருப்பவர்களுக்கு விற்காதீர்கள், முதலில் கேளுங்கள். பாக்கெட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெரியகுளம்:

அக்கா, நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியிருக்க வேண்டும்.

குலசேகரம் தேன்பெட்டி:

பெரியகுளம் தம்பி, அடுக்குத் தேனீயில் பொறி வைத்து மகரந்தம் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், இனத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் வைத்த காலம் தப்பு, கழற்றாமல் விட்டது தப்பு. இரண்டு நாள் போட்டு இரண்டு நாள் எடுப்பது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி இன்றைக்கு இருந்திருக்கலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மூன்று பெட்டியிலும் சேர்த்து நான் எடுத்தது 340 கிராம். சென்னைக்கு அனுப்பவில்லை. பெட்டி காலியான அன்றைக்கே மற்ற இரண்டிலும் பொறியைக் கழற்றி, அந்த மகரந்தத்தை அவற்றின் தேனிலேயே குழைத்து, வாழையிலைத் துண்டில் தடவிப் புழு அறைச் சட்டங்களுக்கு மேலே வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இலை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டு பெட்டியிலும் அறைக்குள் தேனீக்கள் ஊட்டுகிற பாலில் சுருண்டு கிடக்கிற புழு தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.