170 × 36,500 கி.மீ.: இதை "வட்டப்பாதை" என்று எழுதலாமா?

சொல்தேடி:
சந்திரயான்-3 பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 2023 ஜூலை 14 அன்று ஏவிய கலம் முதலில் 170 × 36,500 கி.மீ. பாதையில் விடப்பட்டது என்று மூலத்தில் இருக்கிறது. இதைப் "புவி வட்டப்பாதை" எனலாமா? அந்த எண்களை வைத்து ஒரு சுற்றுக்கான நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். 6 மணி 52 நிமிடம் வருகிறது. கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்று: செயற்கைக்கோள் பாதைகளைச் சொல்லும் புவிநிலை (geostationary), புவியிணக்கம் (geosynchronous) இரண்டும் ஒன்றா?

நெட்டச்சு:
வட்டப்பாதை வேண்டவே வேண்டாம். ஒரு முனை 170, மறுமுனை 36,500 என்றால் அது எங்கே வட்டம்? நாளிதழ்கள் பழக்கத்தில் போடுகின்றன, அவ்வளவுதான். "சுற்றுப்பாதை" என்றால் வட்டத்துக்கும் பொருந்தும், நீள்வட்டத்துக்கும் பொருந்தும். பூமிக்கு மிக அருகே வரும் 170 அண்மைப்புள்ளி, மிகத் தொலைவான 36,500 சேய்மைப்புள்ளி.

கணக்கு இடறியதற்கும் சொல்தான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டுமே தரையிலிருந்து உயரம். சுற்றுக்காலத்தைத் தரும் கெப்ளர் விதிக்கோ பூமியின் மையத்திலிருந்து தூரம் வேண்டும். உயரங்களின் சராசரி 18,335. அதோடு நிலநடுக்கோட்டு ஆரம் 6,378ஐச் சேர்த்தால் 24,713 கி.மீ.; இதுதான் அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளமான அச்சில் பாதி. இதன் மும்மடியை 3,98,600ஆல் (பூமியின் ஈர்ப்புக்கான மாறிலி) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.2832ஆல் (2π) பெருக்குங்கள். 38,660 விநாடி சொச்சம், அதாவது 10 மணி 44 நிமிடம் வரும். நீங்கள் ஆரத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள். "பூமியிலிருந்து 170 கி.மீ. தொலைவில்" என்று எழுதாமல் "தரையிலிருந்து 170 கி.மீ. உயரத்தில்" என்று எழுதினால் வாசகரும் இதே குழியில் விழமாட்டார்.

வான்நோக்கி:
புவிநிலை எல்லாம் புவியிணக்கம்தான். புவியிணக்கம் எல்லாம் புவிநிலை ஆகாது. இரண்டுக்கும் சுற்றுக்காலம், பூமி தன் அச்சில் ஒருமுறை சுழலும் நேரமான 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. புவிநிலைக்கு மேலும் இரண்டு நிபந்தனை: பாதை வட்டமாக இருக்கவேண்டும், நிலநடுக்கோட்டுத் தளத்திலிருந்து சாய்வு 0° ஆக இருக்கவேண்டும். அப்போது உயரம் 35,786 கி.மீ. (இங்கே "வட்டப்பாதை" என்று தாராளமாக எழுதலாம்!) அப்படிப்பட்ட செயற்கைக்கோள் தரையிலிருந்து பார்க்க வானில் ஒரே இடத்தில் நிற்கும்; வீட்டு மாடியில் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும் என்பது இதனால்தான்.

இந்தியாவின் வழிகாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் வடிவமைப்பில் இரண்டும் உண்டு: 3 புவிநிலை, 29° சாய்வுள்ள புவியிணக்கம் 4. சாய்ந்தவை ஒரே இடத்தில் நிற்காது. தரையில் அவற்றின் தடம் வடக்கும் தெற்குமாக 8 போடும்.

சுற்றுக்காலத்தை "24 மணி" என்று உருட்டி எழுதாதீர்கள். உண்மையிலேயே 24 மணி எடுக்கும் செயற்கைக்கோள் நாளுக்கு ஏறக்குறைய 1° மேற்கே நழுவிப்போகும்.

யாழ்நிலா:
எங்கட பக்கம் செயற்கைக்கோளைச் செய்மதி எண்டுதான் எழுதுறது. இலங்கை வாசகருக்கும் போகிற கட்டுரையெண்டால் முதல் இடத்தில மட்டும் இரண்டையும் போடுங்கோ. துணைக்கோள் எண்டால் பலர் நிலவு போன்ற இயற்கையானதைத்தான் நினைப்பினம். அதைக் கலக்க வேண்டாம்.

சொல்தேடி:
நன்றி. இப்படி மாற்றிவிட்டேன்: "தரையிலிருந்து 170 கி.மீ. அண்மை உயரமும் 36,500 கி.மீ. சேய்மை உயரமும் கொண்ட சுற்றுப்பாதையில் கலம் பூமியைச் சுழன்றது."

நெட்டச்சு:
கடைசிச் சொல் மட்டும் "சுற்றி வந்தது". சுழல்வது தன் அச்சில்.