புதுப்பிப்பு: மணிக்கூடு வாங்கியாச்சு

தினமும் வேலைக்குக் கட்ட, விலை கையைக் கடிக்காத மணிக்கூடு எது என்று முன்பு கேட்டிருந்தேனே, கேசியோ டபிள்யூ-800எச் எடுத்தாச்சு. அதே கேசியோவின் எஃப்-91டபிள்யூ இன்னும் மலிவு, 1989இலிருந்து வருகிற உறுதியான சாமான்தான். ஆனால் அது தண்ணீர்த் தெறிப்பை மட்டுமே தாங்கும். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுகிற எனக்கு 100 மீட்டர் நீர்த்தாங்குதிறன் போட்டிருக்கிற டபிள்யூ-800எச்தான் சரி. (30 மீட்டர் என்று போட்டிருந்தால் நீந்தலாம் என்று நம்பிவிடாதீர்கள், கை கழுவ மட்டும்தான்.) பற்றரி 10 வருடம் என்கிறார்கள்.

தோல் வார் நல்லது என்ற அண்ணை கோவிக்க வேண்டாம், யாழ்ப்பாண வெயிலுக்கு அது வியர்வையில் ஊறி நாறிவிடும்.

ரவுணுக்குள் வாங்கும்போது பின்மூடியைத் திருப்பிப் பார்த்தேன், இலக்கங்கள் வடிவாகப் பொறித்திருந்தன. மங்கலாக இருந்தால் போலியாக இருக்கலாம், வைத்துவிட்டு வாருங்கள். இருட்டில்தான் மணிக்கூட்டின் வெளிச்சம் கொஞ்சம் போதாது.