நொச்சி வேலிக்குள் ஒரு ‘டக்’: பிளைத் நாணல் கதிர்க்குருவியை அறிந்துகொண்ட அனுபவம்

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய எங்கள் வாழைத் தோட்டத்தின் வேலி முழுக்க நொச்சியும் ஆடாதொடையும் அடர்ந்து கிடக்கும். ஐப்பசி பிறந்ததும் அதற்குள்ளிருந்து, நாக்கை அண்ணத்தில் தட்டி எடுப்பது போல ‘டக்... டக்’ என்று ஒரு குரல் நாள் முழுவதும் கேட்கும். குருவி மட்டும் கண்ணில் படாது. வேலியில் தையல்சிட்டுகள் எப்போதும் உண்டு என்பதால், இதையும் தையல்சிட்டு என்றே இரண்டு ஆண்டுகள் குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

சென்ற மார்கழியில் ஒருநாள் காலை, பம்புசெட்டுத் தொட்டியின் கசிவு நீரில் குளிக்க அது வெளியே வந்தபோது பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதுகில் பச்சை இல்லை, நெற்றியில் செம்பழுப்பும் இல்லை; மேலே கோடுகளே இல்லாத மங்கிய பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை. அலகடியில் தெளிவாகத் தொடங்கிய வெளிர்ப் புருவக்கோடு, கண்ணைத் தாண்டியதும் மங்கிப்போயிற்று. கீழலகு வெளிறியிருந்தது, அதன் நுனி மட்டும் கருத்திருந்தது. தையல்சிட்டு வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தும். இதுவோ முனை வட்டமான வாலைத் தாழ்த்தியே வைத்திருந்தது. வரப்போரத்துச் சாதாக் கதிர்க்குருவியின் நீண்டு மெலிந்த வாலும் இதற்கில்லை. நீரை உதறிவிட்டுப் புதருக்குள் நுழைந்தவுடன் அதே ‘டக்’ கேட்டதால், எனக்கிருந்த ஐயம் தீர்ந்தது: அது பிளைத் நாணல் கதிர்க்குருவி.

பெயரில் உள்ள நாணல்தான் பலரைத் திசைதிருப்புகிறது என்று நினைக்கிறேன். ஏரியோரச் சம்பங்கோரைக்குள் கரகரவென்று கத்துவது பெரிய நாணல் கதிர்க்குருவி. அது 18 செ.மீ.க்குக் குறையாது, நம் குருவியோ 13 செ.மீ. அளவுதான். 1849இல் விலங்கியலாளர் எட்வர்டு பிளைத் இதற்கு இட்ட அறிவியல் பெயரில் வரும் ‘டுமெட்டோரம்’ என்ற லத்தீன் சொல்லுக்கே புதர்களுக்குரியது என்றுதான் பொருள்.

பின்லாந்து தொடங்கி மத்திய ஆசியா வரை இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வரும் பறவை இது. கிளம்புவதற்கு முன் இங்கேயே சற்றுப் பாடிப் பார்க்கும் வழக்கமும் இதற்கு உண்டு. பங்குனிக் கடைசியில் அந்த மெல்லிய, திரும்பத் திரும்ப வரும் பாட்டை இரண்டு காலைகள் கேட்டேன். அதன்பின் வேலி அமைதியாகிவிட்டது. வேலியை வெட்டிவிட்டுக் கம்பி போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.