வலது பக்க அடிவயிற்று வலி, குடல்வால் இல்லை என்றார்கள். பெருங்குடல் பை வீக்கம் (டைவர்ட்டிகுலைட்டிஸ்) வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஜூரோங்வாசி:

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், வயது 46. போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வலது பக்க அடிவயிற்றில் வலி ஆரம்பித்தது. முதல் நாள் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போகும்போது பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே இடத்தில் குத்தியது, லேசான காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வாந்தி இல்லை, பசிகூட ஓரளவு இருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் குடல்வால்தான், உடனே போ என்றார்கள். அவசரப் பிரிவில் வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டரும் அதையே சொல்லி, எதற்கும் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். ஊரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு ஆபரேஷன் என்றே சொல்லிவிட்டேன், பாவம், அவள் அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

ஸ்கேனில் குடல்வால் நன்றாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சுவரிலிருந்து ஒரு சின்னப் பை வெளியே பிதுங்கி அது வீங்கியிருந்தது. டைவர்ட்டிகுலைட்டிஸ் என்றார்கள். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே சரியாகும் என்று நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

டாக்டர் படம் போட்டு விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. பெருங்குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தக்குழாய்கள் உள்ளே போகும் இடங்கள் கொஞ்சம் பலவீனமானவை. உள்ளே அழுத்தம் ஏறும்போது அந்த இடங்களில் உள்புறச் சவ்வு குமிழ் மாதிரி வெளியே தள்ளிக்கொள்கிறது. பை இருப்பது மட்டும் என்றால் டைவர்ட்டிகுலோசிஸ், அது வீங்கிப் புண்ணானால்தான் டைவர்ட்டிகுலைட்டிஸ். மேலை நாடுகளில் 60 வயது தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பைகள் இருக்கின்றன, பெரும்பாலும் இடது பக்கம். ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் மாதிரி இடங்களில் வலது பக்கம்தான் அதிகம். அதனால்தான் இங்கே இது குடல்வால் வலியைப் போலவே வந்து ஏமாற்றுகிறது. ஸ்கேன் எடுக்காமல் வயிற்றைத் திறந்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்த காலமும் இருந்திருக்கிறது.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. ஊரிலிருந்து போன் மேல் போன். கொய்யா சாப்பிடாதே, விதை போய்ப் பையில் மாட்டிக்கொள்ளும். தக்காளி, கத்தரிக்காய் வேண்டாம். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், சோளம் ஆயுசுக்கும் கூடாது. இதே வலி வந்த ஒரு தெரிந்தவருக்கு அவருடைய டாக்டரே அப்படித்தான் சொல்லியிருந்தார். அன்பில் சொன்னதுதான், நானும் மூன்று மாதம் தயிர்ச்சோறும் ரசமுமாக ஓட்டினேன். அதில் மலச்சிக்கல் வந்து அது தனி அவஸ்தை.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டபோதுதான் இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவில் பல் டாக்டர், மருந்தாளர், கால்நடை மருத்துவர் என்று 47,228 ஆண்களை 18 வருடம் தொடர்ந்து கவனித்து 2008ல் வெளியிட்டார்கள். கொட்டைப் பருப்பு, மக்காச்சோளம், சோளப்பொரி சாப்பிட்டவர்களுக்கு இந்த வீக்கம் கூடவில்லை. கொட்டைப் பருப்பும் சோளப்பொரியும் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ ஒரு காலத்தில் யோசித்துப் பார்த்து ‘மாட்டிக்கொள்ளும்’ என்று சொன்னதை இத்தனை வருடம் எல்லாரும் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் அமெரிக்க ஆண்கள், அவர்களுக்கு வருவது இடது பக்கம். நம் பக்கத்து வலது பை வீக்கத்துக்கு அதை அப்படியே பொருத்தலாமா என்று கேட்டேன். விதைக்குப் பயப்படக் காரணம் இல்லை, நார்ச்சத்தை விடாதே என்றுதான் அவரும் சொன்னார்.

உங்களில் யாருக்காவது, வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால் எழுதுங்கள்.

---

தெற்குமாசி வீதி:

தம்பி, எங்கள் அம்மாவுக்கு வந்தது வேறு மாதிரி. வலியே இல்லை. வயது 71, மதுரையில் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு நாள் விடிகாலை பாத்ரூம் போய்விட்டு வந்து ‘ரத்தமாப் போகுதுடி’ என்றார். போய்ப் பார்த்தால் கொஞ்சநஞ்சம் இல்லை. மூலம் என்று நினைத்தோம், ஏனென்றால் அவருக்குப் பல வருடமாகக் கொஞ்சம் மூலம் உண்டு. தெரிந்த ஒருவர் சொன்ன லேகியத்தைக் கொடுத்தோம், துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தோம். சாயங்காலம் மறுபடியும் அதே அளவு போய், எழுந்து நின்றவர் கண் இருட்டி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது, காலையிலேயே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பெருங்குடல் முழுக்க ஆங்காங்கே பைகள். மேலே தம்பி எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் புரிகிறது, ரத்தக்குழாய் நுழையும் இடத்திலேயே பை உண்டாவதால் அந்தக் குழாய் பையின் மேலேயே படர்ந்திருக்கும், அது கீறினால் வலியே இல்லாமல் இவ்வளவு ரத்தம் போகும். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றார்கள், அம்மாவுக்கும் மூன்றாம் நாள் நின்றது.

டாக்டர் முதலில் கேட்டது என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக், இரண்டு வருடமாக, கிட்டத்தட்ட தினமும். அந்த வகை வலி மாத்திரைகளால் இந்தப் பைகளிலிருந்து ரத்தம் போகும் வாய்ப்பும், பை ஓட்டையாகும் வாய்ப்பும் கூடுகிறது என்று பல ஆராய்ச்சிகளில் வந்திருக்கிறதாம். வயிற்றுப் புண் வரும் என்று தெரியும், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுப்போம். பெருங்குடல் வரை போய் இப்படிச் செய்யும் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. இதைப் படிப்பவர்கள் உங்கள் அம்மா அப்பாவின் மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

நேற்றுதான் மறுபடி ஹீமோகுளோபின் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

---

வல்வை லண்டன்:

நாங்கள் இருப்பது லண்டனில். என்னுடைய மாமாவுக்கு (மனைவியின் தகப்பன்) இடது பக்க அடிவயிற்றில் நோ, காய்ச்சல் இல்லை. ஸ்கேன் செய்து டைவர்ட்டிகுலைட்டிஸ்தான், ஆனால் சிக்கல் ஒன்றும் இல்லை என்று சொல்லி, வலிக்குப் பரசிட்டமோல் மட்டும் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆன்டிபயாடிக் இல்லை. வீட்டில் பெரிய சண்டை. மாமியார் ‘எங்கட ஆக்கள் எண்டு கவனிக்காமல் விடுகினம்’ என்று அழுதா, நானும் அப்படித்தான் நினைத்து டாக்டரோடு கொஞ்சம் கடுமையாகக் கதைத்துவிட்டேன்.

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் இப்படிச் சிக்கல் இல்லாத 623 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, மற்றப் பகுதிக்குக் கொடுக்காமல் பார்த்தார்களாம், 2012ல் முடிவு வந்தது. குணமானதிலோ, பிறகு வந்த சிக்கலிலோ, திரும்ப வந்ததிலோ இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு நெதர்லாந்திலும் அதே மாதிரி 500க்கு மேற்பட்டவர்களிடம் செய்து அதே முடிவு. அதற்குப் பிறகுதான் 2019ல் இங்கே டாக்டர்களுக்குச் சிகிச்சை முறை சொல்லும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டியில், உடம்பு மற்றபடி நன்றாக இருப்பவர்களுக்கு ஆன்டிபயாடிக் இல்லாமல் விடுவதையும் யோசியுங்கள் என்று எழுதினார்கள். முதலில் பற்றீரியாத் தொற்று என்று எண்ணியது பலருக்கு வெறும் அழற்சியாகத்தான் இருக்கிறது என்பதுதான் இப்போதைய எண்ணம்.

மாமாவுக்கு ஆறு நாளில் நோ போய்விட்டது. நான் திரும்பிப் போய் அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு ஒருவரும் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். காய்ச்சல், சீழ்க்கட்டி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் கதை வேறு, அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

---

சிறுவாணித் தண்ணீர்:

அந்த வேறு கதை என்னுடையது. கோயம்புத்தூர், வயது 58. ஆஸ்துமாவுக்கு அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவன். இடது பக்கம் ஒரு வாரமாக மந்தமான வலி, பொறுத்துக்கொண்டேன். ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் வெளியே காட்டாமல் அமுக்கி வைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. எட்டாம் நாள் ராத்திரி ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. முதலில் போன இடத்தில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், இரண்டாவதாகப் போன இடத்தில்தான் படம் எடுத்து, குடல் ஓட்டையாகி மலம் வயிற்றுக்குள் பரவியிருக்கிறது என்று சொல்லி அந்த ராத்திரியே ஆபரேஷன்.

ஹார்ட்மன் ஆபரேஷன் என்று பெயர். பிரான்சில் ஹென்றி ஹார்ட்மன் என்ற சர்ஜன் 1921ல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை. கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கீழ்ப்பகுதியைத் தைத்து மூடி, மேல்பகுதியை வயிற்றின் வழியாக வெளியே கொண்டு வந்து, மலம் சேர ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிவிடுவார்கள். கண் விழித்து அந்தப் பையைப் பார்த்த நிமிடத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. ஐந்து மாதம் அதோடு இருந்தேன். சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் போகவில்லை, நாற்றம் வருமோ, சத்தம் வருமோ என்று. உண்மையில் சரியாக ஒட்டினால் ஒன்றும் வராது, பை மாற்றச் சொல்லிக் கொடுத்த அந்தச் செவிலியர் பெண்ணுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பிறகு இன்னொரு ஆபரேஷனில் குடலைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். இப்படி வயிற்றில் பை மாட்டியிருக்கும் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், எந்த நேரமானாலும் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். எனக்கு மலச்சிக்கல் இருந்ததே இல்லை, கீரை, காய் எல்லாம் சாப்பிடுகிறவன். நார்ச்சத்து இருந்தால் வராது என்கிறார்களே, எனக்கு எப்படி வந்தது?

---

ஜூரோங்வாசி:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. இவ்வளவையும் மனம் விட்டு எழுதியதற்கு நன்றி.

நார்ச்சத்துக் கேள்வியை நானும் தேடிப் படித்தேன், பதில் அவ்வளவு நேராக இல்லை. உகாண்டாவில் பல வருடம் சர்ஜனாக இருந்த டெனிஸ் பர்க்கிட், அங்கே இந்த நோய் மிக அரிது என்பதைக் கவனித்தார். அவரும் லண்டன் சர்ஜன் நீல் பெயிண்டரும் 1971ல் இது நார்ச்சத்துக் குறைவால் வரும் மேலைநாட்டு நோய் என்று எழுதினார்கள். அதுவரை இந்த நோயாளிகளுக்கு நார் இல்லாத உணவுதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், இவர்கள் அதை அப்படியே தலைகீழாக மாற்றினார்கள். ஆனால் 2012ல் அமெரிக்காவில் வட கரோலினாவில் கொலோனோஸ்கோபி செய்த 2,104 பேரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தபோது, நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தன. மலச்சிக்கலுக்கும் பைகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. இன்னொரு பக்கம், பிரிட்டனில் 47,033 பேரைப் பார்த்த 2011 ஆராய்ச்சியில், சைவ உணவுக்காரர்களுக்கு இந்த நோயால் ஆஸ்பத்திரிக்குப் போவது 31 சதவீதம் குறைவு, நார்ச்சத்து கூடியவர்களுக்கும் குறைவு. எனக்குப் புரிந்த அளவில், பை உண்டாவது ஒரு விஷயம், உண்டான பை தொல்லை கொடுப்பது வேறு விஷயம், நார்ச்சத்து உதவுவது இரண்டாவதில்தான். பரம்பரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது, சுவீடனில் இரட்டையர்களை வைத்துப் பார்த்ததில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பிறப்போடு வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் கீரையின் மேலோ உங்கள் மேலோ பழி போட எதுவும் இல்லை அண்ணா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குப் பை ஓட்டையாகும் ஆபத்து அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். வேறு நோய்க்காக டாக்டர் சொல்லித்தானே சாப்பிட்டீர்கள்.

வேறு காரணத்துக்குக் கொலோனோஸ்கோபி செய்து, பை இருக்கிறது என்று மட்டும் ரிப்போர்ட்டில் வந்து பயந்துபோனவர்களுக்கு ஒன்று. லாஸ் ஏஞ்சலஸில் அப்படிப்பட்ட 2,222 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2013ல் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் பிறகு வீக்கம் வந்தது சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான். அதற்கு முன்பு 10 முதல் 25 சதவீதம் என்று சொல்லிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள்.

லண்டன் அண்ணா, மாமாவுக்குப் பிறகு கொலோனோஸ்கோபி செய்தார்களா? சமீபத்தில் செய்திருக்கவில்லை என்றால் வீக்கம் வடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து ஒன்று செய்யச் சொல்வார்கள், ஸ்கேனில் சில சமயம் புற்றுநோயும் இதே மாதிரி தடித்துத் தெரியும் என்பதால். எனக்கும் செய்தார்கள். முந்தின ராத்திரி குடிக்கக் கொடுக்கும் அந்தப் பேதி மருந்துதான் கஷ்டம், நன்றாகக் குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் சுலபமாக இறங்குகிறது. உள்ளே வேறு எதுவும் இல்லை என்று சொன்ன அன்று சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் இறங்கி இரண்டு கொய்யா வாங்கி, விதையோடு தின்றேன்.

மதுரை அக்கா, அம்மாவின் ஹீமோகுளோபின் ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன். முழங்காலுக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள், என் அம்மாவும் அதே மாத்திரைதான்.