எம்போலைசேஷனுக்குத் தமிழ்: 'அடைப்பு' வேண்டாம், 'மறிப்பு' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

எம்போலைசேஷன் என்பது கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, ரத்தம் போகும் வழியை உள்ளிருந்தே நிறுத்தும் சிகிச்சை. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தென்காசி டாக்டர் அக்கா நம் குழுவில் தொடங்கிய இழையில் இதுவரை வந்தவை: தக்கையடைப்பு, நாள அடைப்பு, குழலடைப்புச் சிகிச்சை. மூன்றிலும் 'அடைப்பு' வருகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது கதீட்டர் வேலைகள் நடக்கும் அறையில், டெக்னீஷியன். நம் குழுவின் பேராசிரியர் ஐயா அளவுக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் ஒப்புதல் படிவத்தை வைத்துக்கொண்டு டாக்டர் விளக்கும்போது, நோயாளியும் கூட வந்தவர்களும் எந்தச் சொல்லில் முகம் மாறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறவன்.

எங்கள் ஊரில் 'அடைப்பு' என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். "நெஞ்சுல ரெண்டு அடைப்பு", "கால்ல அடைப்பு, விரல் கருத்துட்டு" என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். சர்க்கரை ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம். முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் பீடி சுற்றுகிற வீடுகளும் அதிகம், பிடிக்கிறவர்களும் குறைவில்லை. புகையிலையால் கை கால்களின் சிறிய ரத்தக்குழாய்கள் அழற்சி கண்டு அடைத்துக்கொள்ளும் பர்ஜர் நோயில், ஆஞ்சியோ படத்தைப் பார்த்தால் முதன்மைக் குழாய் பாதி வழியிலேயே நின்றுபோயிருக்கும். சுற்றிலும் திருகுதிருகாக மெல்லிய குழாய்கள் முளைத்திருக்கும். பலூன் வைத்து விரிக்கலாம் என்றால் பெரும்பாலும் அதற்கும் இடம் இருக்காது. பீடியை விடுவதுதான் முதல் மருந்து. இப்படிப்பட்டவர்களின் வீட்டில் 'அடைப்பு' என்றால் அடுத்து விரல் போகும், கால் போகும் என்று பொருள்.

இந்த நிலையில் நோயாளியிடம் போய், "உங்களுக்கு அடைப்புச் சிகிச்சை செய்யப் போகிறோம்" என்றால் என்ன ஆகும்? எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். பழைய காசநோயில் நுரையீரல் வடுப்பட்டு, இருமினால் ரத்தமாக வருகிற ஒரு அம்மாவைச் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து கூட்டி வந்திருந்தார்கள். மூச்சுக்கிளைக்குப் போகும் தமனியை அடைத்தால் ரத்தம் நிற்கும் என்றார் டாக்டர். அந்த அம்மாவின் தம்பி விடவில்லை. "அடைப்புன்னு சொல்லித்தான எங்க மச்சானுக்கு விரல எடுத்தாவ. இப்ப நீங்களே அடைக்கப் போறோம்னு சொல்லுதியளே?" டாக்டர் ஒரு தாளில் குழாயை வரைந்து, ஓட்டை எங்கே, நிறுத்துவது எங்கே என்று காட்டினார். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பம் மறிக்கப் போறியன்னு சொல்லுங்க. வாய்க்கா கரை உடஞ்சா மேல மறிச்சிட்டுத்தான கட்டுவோம்" என்றார். கையெழுத்தும் போட்டார்.

கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற ஆளுக்கு அடைப்பதும் மறிப்பதும் ஒன்றல்ல. வாய்க்கால் அடைத்துக்கொள்வது கேடு. தூர் வார வேண்டும். வாய்க்காலை மறிப்பது வேலை; மண்வெட்டியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். மூக்கு அடைக்கும், காது அடைக்கும், சாக்கடை அடைக்கும். இதையெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மறிப்பதற்கோ ஆள் வேண்டும், காரணம் வேண்டும், இடம் பார்த்து நிற்க வேண்டும். 'அடை' என்பதிலும் செய்கிற ஆள் வரலாமே, கதவை அடைக்கிறோமே என்று ஐயா கேட்பார். வரலாம். ஆனால் மருத்துவத்தில் அந்தச் சொல் நோயோடு ஒட்டிப்போய்விட்டது, இனிப் பிரிக்க முடியாது. தக்கையடைப்புக்கும் அதே கதிதான். ரத்தக்கட்டி எங்கிருந்தோ புறப்பட்டுப் போய் நுரையீரலில் சிக்குகிறதே, அந்த எம்போலிசத்துக்கு அதை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வேண்டாம்.

கதீட்டர் வழியாகச் சிகிச்சை செய்யும் இந்தத் துறை, குழாயைத் திறப்பது, நிறுத்துவது என்று இரண்டு வேலையையும் செய்கிற துறை என்பதையும் யோசியுங்கள். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர், கால் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனிக்குள் ஒன்றைவிட ஒன்று பருத்த கதீட்டர்களைச் செலுத்தி, கத்தி வைக்காமல் அடைப்பை விரித்தார். அதே டாட்டர், யோசெஃப் ரோஷ் என்பவரோடு சேர்ந்து 1972-இல் எழுதிய கட்டுரை, நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியையே குழாய்க்குள் விட்டு, குடல் வயிற்றுப் பகுதி ரத்தப்போக்கை நிறுத்தியதைப் பற்றியது. திறந்தவரும் நிறுத்தியவரும் ஒருவரே. முதலாவதற்கு 'விரிப்பு' என்று ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டோம். இரண்டாவதற்கு 'மறிப்பு' வைத்தால் ஜோடி பொருந்துகிறது.

சரி, எதை மறிப்பது? முதலில் 'நாள மறிப்பு' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். யாழ்ப்பாண நண்பரின் மடலைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். நமக்கு நாளம் என்றால் பொதுவாக ரத்தக்குழாய். தமனி, சிரை இரண்டும் அதற்குள் அடங்கும். இலங்கைப் பாடநூல்களில் தமனி என்பது நாடி, சிரை என்பது நாளம். 'நாள மறிப்பு' என்று எழுதினால் அங்கே படிக்கிறவர் சிரையை மறிப்பதாக எடுத்துக்கொள்வார். நாம் செய்வது பெரும்பாலும் தமனியில். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மானிப்பாய் அங்கேதான் இருக்கிறது, அவர்களை விட்டுவிட்டு நாம் சொல் செய்யக் கூடாது. ஆகவே பொதுச்சொல்லாகக் 'குருதி மறிப்பு'. உறுப்பைக் குறிக்கும்போது 'கருப்பைத் தமனி மறிப்பு' என்று நாம் எழுதுவோம், 'கருப்பை நாடி மறிப்பு' என்று அவர்கள் எழுதட்டும். மறிப்பு பொதுவாக நிற்கும்.

டாக்டர் அக்காவின் மறுப்பு வலுவானது. மறிப்பு என்றால் பிறகு திறந்துவிடலாம் என்ற தொனி இருக்கிறதே, நிரந்தரமாக நிறுத்துவதற்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தார். என் பதில், அந்தத் தொனி இருப்பதே நல்லது. மறிக்கப் போடுகிற பொருள்களில் ஜெலட்டின் பஞ்சு சில வாரங்களில் தானே கரைந்துவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் அதைப் போடுவதே அதற்காகத்தான். பிளாட்டினம் காயில் என்ற கம்பிச்சுருளும் பசையும் அங்கேயே கிடக்கும் என்றாலும், உடம்பு வேறு கிளை வழியாக ரத்தத்தைக் கொண்டுவந்துவிடலாம். நுரையீரல் நோயாளிகளில் சிலருக்குப் பிறகு மறுபடியும் ரத்தம் வருவதும், திரும்ப மறிப்பதும் உண்டு. இனி வரவே வராது என்று ஒரு சொல் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

'வழிமறிப்பு, சாலை மறியல் எல்லாம் நினைவுக்கு வருகிறது' என்று கோவில்பட்டி அண்ணாச்சி கிண்டல் செய்திருந்தார். வரட்டுமே. பொருள் ஒரு நொடியில் புரிகிறதா இல்லையா?

கிளைச்சொல் முளைக்கிறதா என்றும் பார்த்தேன். மறிபொருள், மறிதுகள், மறிசுருள், மறிபசை. நான்கும் வினைத்தொகை, வாயில் இடறவில்லை. மறிபசையை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை அது. அந்தப் பசை ரத்தம் பட்ட கணத்தில் இறுகத் தொடங்கிவிடும். அதனால் பசை போகிற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய குழாயை (மைக்ரோகதீட்டர்) முதலில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைத் தண்ணீர், விட்டுக் கழுவுவோம். உப்புத் தண்ணீர் பட்டால்கூட உள்ளேயே இறுகிவிடும். பசை தனியாக எக்ஸ்ரேயில் தெரியாது. கசகசா விதை எண்ணெயில் அயோடின் சேர்த்த லிப்பியோடாலை அதனுடன் கலப்பார்கள். திரையில் கறுப்பாகத் தெரியும், இறுகும் வேகமும் குறையும். டாக்டர் திரையை விட்டுக் கண் எடுக்காமல் துளித்துளியாகத் தள்ளுவார். போதும் என்றதும் குழாயை வெடுக்கென்று உருவ வேண்டும், தயங்கினால் குழாயும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். முழு வேலையையும் பெயருக்குள் அடக்கிவிட முடியாது. 'மறிபசை' என்றால் எதற்கான பசை என்றாவது தெரிகிறது.

இன்னொரு சொல் கட்டாயம் வேண்டும். மறிபொருள் நினைத்த இடத்தை விட்டு வேறு குழாய்க்குள் போவது. மூச்சுக்கிளைத் தமனியிலிருந்து சிலருக்குத் தண்டுவடத்துக்கும் ஒரு சிறு கிளை போகும். அது படத்தில் தெரிகிறதா என்று பார்க்காமல் பசை விட்டால் கால் செயலிழந்துவிடலாம். டாக்டர் எத்தனை தடவை சாயம் விட்டுப் படம் பார்த்தாலும் நான் அலுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். இதற்கு 'தவறிய மறிப்பு' என்று நான் வைத்திருக்கிறேன். 'பிறழ் மறிப்பு' என்று ஐயா திருத்துவார் என்று நினைக்கிறேன். திருத்தினால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் படிவத்தில் நோயாளிக்கு 'தவறிய' என்பதே புரியும்.

கல்லீரல் கட்டிக்குள் புற்றுநோய் மருந்தையும் சேர்த்து விட்டு மறிக்கிறார்களே, அதற்கு 'வேதிமறிப்பு', 'மருந்து மறிப்பு' இரண்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது, மருந்தையே நிறுத்துவது போல் ஒலிக்கிறது. அக்கா சொல்லட்டும். மைக்ரோகதீட்டர் பக்கம் நான் போகவில்லை. லேபில் நாங்கள் எல்லோரும் 'மைக்ரோ' என்றுதான் கேட்டு வாங்குகிறோம், அண்ணாச்சி அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து