கடைக்காரர் ஜப்பான் மீன் என்கிறார், மாமனார் குழம்பு மீன் என்கிறார். இந்தக் கோய் உண்மையில் என்னங்க?

காங்கயம்_தோட்டம்:
வணக்கமுங்க. எங்கள் தோட்டத்தில் போர்த் தண்ணீர் விழுந்து வாய்க்காலுக்குப் போகிற பழைய சிமென்ட் தொட்டி ஒன்று இருக்கிறது, பத்தடிக்கு ஆறடி, மூன்றரை அடி ஆழம். சொட்டுநீர் போட்ட பிறகு சும்மாதான் கிடந்தது. பையன் ஒரே பிடிவாதம், அதனால் போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கடையில் கோய் குஞ்சு எட்டு வாங்கி வந்து விட்டேன், ஒன்று 60 ரூபாய். கடைக்காரர் 'ஒரிஜினல் ஜப்பான்' என்றார். மாமனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, நம்ம பவானிசாகர் சாதாக்கெண்டைக்குச் சாயம் பூசினாப்பல இருக்குது, அரைக் கிலோ ஆச்சுன்னா கொழம்பு வெச்சரலாமுங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வெள்ளையில் சிவப்பு, இரண்டு முழு ஆரஞ்சு, இரண்டில் வெள்ளை சிவப்பு கறுப்பு மூன்றும் இருக்கிறது, ஒன்று வெறும் சாம்பல். இதற்கெல்லாம் நிஜமாகவே வகைப் பெயர் உண்டா, இல்லை கடைக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா? அந்தச் சாம்பலைப் பார்த்துப் பையன் முகம் சுளிக்கிறான், வாய்க்காலில் விட்டுவிடலாமா என்று யோசனை.

போத்தனூர்_குளம்:
மாமனார் சொன்னது முக்கால்வாசி சரிங்க. கோய் என்றால் ஜப்பானிய மொழியில் கெண்டை, அவ்வளவுதான். நாம் 'கோய் கார்ப்' என்று சொல்வது 'நடு சென்டர்' கதைதான். அழகு மீனுக்கு அவர்கள் வைத்த பெயர் நிஷிகிகோய். நிஷிகி என்றால் பல வண்ண நூலில் நெய்த பட்டு, நம் ஊர்க் கணக்கில் ஜரிகைப் பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் அரண்மனையில் பிறந்த மீன் இல்லை, விவசாயி தொட்டியில் பிறந்தது. நிகாட்டா என்ற மாகாணத்தில் யமகோஷி, ஓஜியா பக்கம் மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல், அதற்குத் தண்ணீர் விட மேலே குட்டைகள். குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி விழுந்து வெளியே போக வழி இருக்காது. அப்போது சாப்பிடுவதற்காகக் குட்டையில் கெண்டை விட்டு வைப்பார்கள், நாம் மழைக்கு முன்னால் வறட்டி அடுக்கி வைக்கிற மாதிரி. 1820, 30களில் அதில் ஒன்றிரண்டு சிவப்பாகவும் வெளிறியும் பிறந்திருக்கின்றன. அதை மட்டும் சட்டிக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஐந்தாறு தலைமுறை பிடிவாதமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதுதான் இன்றைக்கு உங்கள் தொட்டியில் நிற்கிறது. ரொம்ப காலம் அந்த மலைக்கு வெளியே இது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 1914இல் டோக்கியோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குக் கொண்டு போனார்கள், அப்புறம்தான் பேர் பரவியது, அரண்மனை அகழியிலும் நீந்தியது.

ஆனைமலை_அக்கா:
வகைப் பெயர் எல்லாம் நிஜம்தான் தம்பி. வெள்ளையில் சிவப்பு கோஹாகு. கேட்க எளிது, நல்லது கிடைப்பதுதான் கஷ்டம், சிவப்பின் ஓரம் கத்தியால் வெட்டினது போல் இருக்க வேண்டும், வெள்ளை பால் மாதிரி இருக்க வேண்டும்.

மூன்று நிறம் இருப்பதில்தான் எல்லாரும் குழம்புவார்கள், கடைக்காரர்களும் சேர்த்து. சாங்கே, ஷோவா என்று இரண்டு உண்டு. சாங்கே வெள்ளை மீன், மேலே சிவப்பு, அதன் மேல் கறுப்பு சொட்டு சொட்டாக, தலையில் கறுப்பு வராது. ஷோவா கறுப்பு மீன், அதில் சிவப்பும் வெள்ளையும், கறுப்பு தலையில் ஏறி முகத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பெயர் இரண்டும் ஜப்பான் ராஜாக்கள் காலத்தை வைத்து வந்தது: சாங்கேயின் முழுப்பெயர் தைஷோ சாங்கே, ஷோவா 1927இல் உருவானது. ஷோவா குஞ்சுகள் பொரித்த சில நாளிலேயே கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து விடுவார்கள். ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டை இடும், கடைசியில் தேறுவது கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அப்படிக் கழித்துப் பொறுக்குவதில் நூறில் ஒரு பங்குகூட நம் 60 ரூபாய் மீனுக்கு நடந்திருக்காது, அதனால் 'ஒரிஜினல் ஜப்பான்' என்பதைக் காதில் வாங்கி விட்டுவிடுங்கள். முழுக்க ஒரே நிறத்தில் உலோகம் போல மின்னினால் ஓகோன், அது 1946இல் வந்தது. மின்னாமல் வெறும் ஆரஞ்சாக இருந்தால் பேருக்குக் கவலைப்படாதீர்கள்.

ஒரு விஷயம், தண்ணீர். முதல் வருடம் நான் லாரித் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஏற்றிவிட்டேன், பிளீச்சிங் போட்டது என்று தெரியாது. விடியற்காலை வாசல் தெளிக்கப் போனவள் தொட்டியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பதினான்கும் மல்லாந்து கிடந்தது. உங்களுக்குப் போர்த் தண்ணீர், அந்தப் பயம் இல்லை. ஆனால் காங்கயம் பக்கம் உப்புத் தண்ணீர்தானே? கடினத் தண்ணீரில் மீனின் கறுப்பு நிறம் எடுப்பாக வரும், ஆனால் கோஹாகுவின் வெள்ளையில் மிளகு தூவினது போல் புள்ளி விழும் என்பது வளர்க்கிறவர்கள் பேச்சு, என் தொட்டியிலும் அப்படித்தான் ஆனது. நிகாட்டா தண்ணீர் நம் சிறுவாணி மாதிரி மென்மையானது.

கோபி_பாசனம்:
ஊட்டிக் கதையை யாரும் சொல்லவில்லையே! சாதாக்கெண்டையும் நம் ஊர் மீன் கிடையாதுங்க. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டு வந்து விட்டது, ஜெர்மன் வகை. உடம்பெல்லாம் செதில் இல்லாமல் முதுகோரம் மட்டும் பெரிய பெரிய செதில் பளபள என்று இருப்பதைக் கண்ணாடிக் கெண்டை என்போம். அதே ஜெர்மன் கெண்டை 1900களின் தொடக்கத்தில் ஜப்பானுக்கும் போனது. அங்கே 1910 வாக்கில் அசாகி என்ற பழைய நீல வகையோடு சேர்த்து ஷூசுய் என்று ஒன்றை எடுத்தார்கள், நடுமுதுகில் மட்டும் ஜாக்கெட் ஜிப் வைத்தது போல் இரண்டு வரிசைச் செதில் ஓடும். ஆக ஊட்டிக் கண்ணாடிக் கெண்டையும் ஷூசுயும் பங்காளி முறை. மாமனாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

வாய்க்காலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கெண்டை சேற்றைக் கிண்டிக் கிண்டித் தின்கிற சாதி, தண்ணீர் முழுக்கக் கலங்கிவிடும், ஆஸ்திரேலியாக்காரன் இந்த மீனோடு எத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறான் தெரியுமா.

காங்கயம்_தோட்டம்:
இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றிங்க. போட்டோ எடுக்கப் பார்த்தேன், குஞ்சைக் கண்ணாடி ஜாடியில் போட்டு பக்கவாட்டில் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. இதையா கோடிக்கு வாங்குகிறார்கள்?

போத்தனூர்_குளம்:
வாங்குகிறார்கள். 2018இல் ஒரு கோஹாகு 20 கோடி யென்னுக்கு மேல் போனது. 2004 அக்டோபரில் யமகோஷியில் நிலநடுக்கம் வந்து சாலை எல்லாம் பெயர்ந்தபோது, ஊர்ச்சனம் வெளியேறின பிறகு மீனையும் ஹெலிகாப்டரில் தூக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் பார்க்கிற இடம் தப்புங்க. கண்ணாடித் தொட்டி வருவதற்கு முன்பிருந்தே இதைக் குட்டைக் கரையில் நின்று குனிந்து பார்த்துத்தான் பொறுக்கினார்கள். கோலத்தைப் படுத்துக்கொண்டு பக்கத்திலிருந்து பார்ப்போமா? காலையில் வெயில் ஏறுவதற்குள் தொட்டி மேட்டில் நின்று நேர் மேலே இருந்து பாருங்கள், முக்கியமாக அந்தச் சாம்பலை.

காங்கயம்_தோட்டம்:
இன்றைக்குக் காலை பார்த்தேன். சாம்பல் இல்லைங்க அது! முதுகு நீலம், ஒவ்வொரு செதிலுக்கும் வெள்ளை ஓரம், மீன் வலையை விரித்துப் போட்ட மாதிரி. கன்னத்திலும் முன்துடுப்பு அடியிலும் செங்கல் நிறம் லேசாக எட்டிப் பார்க்கிறது. தலை வெளிர் நீலம், ஒரு புள்ளி கிடையாது.

ஆனைமலை_அக்கா:
அசாகி தம்பி! கோபிக்காரர் சொன்ன பழைய நீல வகை. ஜப்பான்காரன் பார்த்தால் சுமார் என்பான்தான், இருந்தாலும் கோஹாகு, ஷோவா எல்லாவற்றுக்கும் மூத்தது அது. வயது ஏறினால் தலையில் புள்ளி வரும், இப்போது சுத்தமாக இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். மேலே வலை கட்டினீர்களா? மீன்கொத்திக்கு வகை தெரியாது.

காங்கயம்_தோட்டம்:
கட்டியாச்சுங்க அக்கா, நிழலுக்குத் தென்னை ஓலையும் ஒரு பக்கம் சாய்த்திருக்கிறேன். பையன் இப்போது அந்த அசாகி தன்னுடையது என்கிறான். மாமனாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கிலோ கட்லா சொல்லி வைத்துவிட்டேன்.