உடன்படிக்கை ஆராதனை: நாலு சபை, ஒரு குருவானவர். எப்படி ஒழுங்குபண்ணுவது?

உக்கிராணம்_கிழக்கு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் மெதடிஸ்த சேகரத்தில் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) நாலு சபைகள், குருவானவர் ஒருவர்தான். உடன்படிக்கை ஆராதனை, அதாவது நம்மைக் கடவுளுக்கு மறுபடி ஒப்புக்கொடுத்து வருடாவருடம் வாக்குக் கொடுக்கும் ஆராதனை, ஜனவரி முதல் ஞாயிறுதான் நடக்கவேண்டும், அதுவும் அவரவர் ஆலயத்திலேயே நடக்கவேண்டும் என்று நாலு சபையாரும் சொல்கிறார்கள். குருவானவர் வராத இடத்தில் பிரசங்கியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) நடத்தலாமா? திருவிருந்து (பாணும் திராட்சைரசமும் பகிர்வது) இல்லாமல் உடன்படிக்கையை மட்டும் வாசித்து முடித்தால் செல்லுமா?

இன்னொன்றும் இருக்கிறது. போன முறை தாளைக் கையில் கொடுத்து எல்லாரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னோம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. என்ன சொன்னோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. நேர ஒழுங்கு, பாண், ரசம் எல்லாவற்றுக்கும் கணக்கோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். சபைக்கு 90 முதல் 110 பேர் வரை வருவார்கள்.

பழைய_சுற்றுப்பிரசங்கி எழுதியது:

முதலில் திகதிச் சண்டையை முடித்துவிடுவோம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி இந்த ஆராதனையை முதன்முதலாக நடத்தியது ஜனவரியில் இல்லை. 1755 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை மாலை, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் நடந்தது. ஏறக்குறைய 1800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார்கள். புத்தாண்டோடு அது ஒட்டிக்கொண்டது பிறகுதான். பிரித்தானிய மெதடிஸ்த சபைகள் சிலவற்றில் இன்றைக்கும் மெதடிஸ்த நிர்வாக ஆண்டு தொடங்கும் செப்டெம்பரில் வைக்கிறார்கள். ஆகவே ஜனவரியின் நாலு ஞாயிறுகளை நாலு சபைக்குப் பிரித்துக்கொடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. உண்மையில் முதல் ஞாயிறுதான் மோசமான நாள். 2023இல் போல அது 1ஆம் திகதியிலேயே விழுந்தால், 31ஆம் திகதி இரவு விழிப்பு ஆராதனையில் இருந்துவிட்டு வந்தவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். கிழக்கிலங்கையில் மழையும் வெள்ளமும் வேறு. மூன்றாம் நாலாம் ஞாயிறில் ஆள் கூடுதலாக வரும்.

திருவிருந்தை விடவேண்டாம். பிரசங்கியார் வசன ஆராதனை நடத்தலாம், உடன்படிக்கை வார்த்தைகளையும் வாசிக்கலாம், ஆனால் மெதடிஸ்த ஒழுங்கில் திருவிருந்துக்குத் தலைமை தாங்குபவர் குருப்பட்டம் பெற்றவர். விலக்கு வேண்டுமென்றால் மாநாடு (மெதடிஸ்த சபையின் உயர் ஆட்சிமன்றம்) முறைப்படி அனுமதி கொடுக்கவேண்டும். திருவிருந்து இல்லாவிட்டால் உடன்படிக்கை செல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. ‘நான் இதைச் செய்வேன், அதைத் தாங்குவேன்’ என்று வாக்குக் கொடுத்த கையோடு வீட்டுக்குப் போனால் அது புத்தாண்டுத் தீர்மானம் மாதிரி ஆகிவிடும், பெப்ரவரியில் உடைந்துவிடும். வாக்குக் கொடுத்தவன் உடனே வெறுங்கையை நீட்டி வாங்கிக்கொள்ளும்போதுதான் இந்த உடன்படிக்கை யாருடைய கிருபையில் நிற்கிறது என்பது விளங்கும். அதனால்தான் ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு திருவிருந்தை விடுவதைவிட, நாளை மாற்றித் திருவிருந்தை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இனி உங்கள் ‘ஒரு நிமிட’ப் பிரச்சினை. வெஸ்லி செய்ததைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 6 அன்று சபைக்கு அறிவித்தார், அடுத்த சில காலைகளில் அதையே விளக்கினார், வெள்ளிக்கிழமை பலர் உபவாசம் இருந்தார்கள், திங்கட்கிழமைதான் உடன்படிக்கை. அந்த ஐந்து நாளை நாம் வெட்டி எறிந்துவிட்டு கடைசி நிமிடத்தை மட்டும் வைத்திருக்கிறோம். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் வார்த்தைகளை அச்சடித்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வார நடுவில் ஜெபக்கூட்டம் இருந்தால் ஒரு நாள் அதையே வாசித்து வரிவரியாகப் பேசுங்கள். இதைச் சொல்ல மனமில்லாதவர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டாயத்தில் வாய் அசைப்பது உடன்படிக்கை அல்ல.

நேரம், 100 பேருக்கு ஒன்றரை மணித்தியாலம். துதியும் தொடக்க ஜெபமும் 15 நிமிடம், பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் 7 நிமிடம். அறிக்கை உடன்படிக்கைக்கு முன்னால் வரவேண்டும், பின்னால் வைத்தால் கொடுத்த வாக்குக்கு அப்போதே மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். வாசிப்பும் பிரசங்கமும் 25 நிமிடம். எரேமியா 31:31–34, ரோமர் 12:1–2, யோவான் 15:1–10 வழமையான பகுதிகள். பிரசங்கம் 12 நிமிடத்தைத் தாண்டவேண்டாம், இந்த நாளில் ஆராதனைதான் பிரசங்கம். உடன்படிக்கைக்கு 13 நிமிடம், அதில் வார்த்தைகளுக்கு முன் முழுதாக 3 நிமிடம் மௌனம். கடிகாரத்தைப் பார்த்து விடுங்கள். நடத்துபவருக்கு ஒரு நிமிடமே பத்து நிமிடமாகத் தெரியும், கீபோட்காரர் இடைவெளியை நிரப்பத் துடிப்பார், இருவரையும் முன்பே கட்டிவையுங்கள். திருவிருந்துக்கு 27 நிமிடம்: பந்திக்கு (ஒரே நேரத்தில் முன்வந்து வாங்குவோர்) 12 பேர், ஒரு பந்திக்கு 3 நிமிடம், 9 பந்தி. மிச்சம் மூன்று நிமிடம் ஆசீர்வாதத்துக்கு. அறிவித்தல்களை ஆராதனைக்கு முன்னரே வாசித்துவிடுங்கள், நடுவில் வந்தால் எல்லாம் கலைந்துவிடும்.

மொழிநடை எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்பாடு. தாளில் இருக்கும் தமிழைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பாதிக் குழப்பம் அங்கேதான்.

சில சபைகளில் சுற்றும் பிரதியில் முதல் வரி ‘நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன்’ என்று இருக்கிறது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் தங்களை ‘அவன்’ என்று சொல்லி ஒப்புக்கொடுக்கவேண்டுமா? ‘நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம்’ என்று மாற்றினால் ஆணும் பெண்ணும் தடங்கலில்லாமல் சொல்லலாம், பொருளும் கெடாது.

அடுத்தது ‘உமக்காக என்னை ஒதுக்கி வைத்தாலும்’ என்ற வரி. ஆங்கில மூலத்தில் கருத்து, ஊழியத்திலிருந்து ஓய்ந்திருக்க வைப்பது. நோய், முதுமை, வாய்ப்பின்மை. நம் ஊரில் ‘ஒதுக்கி வைப்பது’ என்றால் ஊர் விலக்கு, சாதி விலக்கு, தீட்டு. அதை அனுபவித்த குடும்பங்கள் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, கடவுளே ஒதுக்கி வைப்பார் என்று அவர்களைச் சொல்ல வைக்கக்கூடாது. ‘உமது பணியில் அமர்த்தினாலும், ஓய்ந்திருக்கச் செய்தாலும்’ என்பது நெருங்கி வருகிறது. ‘வேலையின்றி’ என்று போடாதீர்கள், வேலை தேடும் இளைஞர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்.

‘என்னைப் பாடுபட வையும்’ என்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பாடு என்றால் உழைப்பும்தான், வேதனையும்தான், கிறிஸ்துவின் பாடும்தான். அதை ‘துன்பப்படுத்தும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடவுள் வேண்டுமென்றே நோயைக் கொடுக்கிறார் என்ற எண்ணம் வந்துவிடும். 1999இல் வந்த பிரித்தானிய மெதடிஸ்த வழிபாட்டு நூலிலேயே பழைய வடிவத்தோடு ஒரு மாற்று வடிவமும் வைத்திருக்கிறார்கள். அதில் ‘நான் செய்வதிலும் சகிப்பதிலும் உமது சித்தம் ஆகட்டும்’ என்ற போக்கில் வரும்.

பிரதிகளைத் திருத்தமுன் குருவானவரிடம் காட்டுங்கள். ஆளாளுக்குத் திருத்தினால் நாலு சபையில் நாலு உடன்படிக்கை ஆகிவிடும். வரிகளை மூச்சு விடும் இடத்தில் உடைத்து அச்சடியுங்கள், ஒரு வரியில் நாலைந்து சொல். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். சபையார் வேகமாக வாசிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பந்தி பந்தியாக நெருக்கி அடித்த தாள்தான்.

உக்கிராணம்_கிழக்கு எழுதியது:

மிக்க நன்றி. சபைகளிடம் ஆகஸ்ட் மாதக் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்! இன்னும் இரண்டு சந்தேகம். புத்தாண்டுக்கு வாக்குத்தத்த அட்டை (வருடத்துக்கான வேதவசனம் எழுதிய அட்டை) எடுப்பதை உடன்படிக்கை ஆராதனையிலேயே சேர்த்துவிடலாமா? இளைஞர்கள் உடன்படிக்கைத் தாளில் கையொப்பம் வாங்கிச் சேகரிக்கவும் கேட்கிறார்கள். ரசம் யாராவது சொல்லுங்கள், போன முறை புளித்துவிட்டது.

மேசைப்பணி எழுதியது:

ரசத்தை நான் சொல்கிறேன். மெதடிஸ்தர் புளிக்காத திராட்சைரசம்தான் பாவிப்பது, அதனால் புளித்தது என்றால் அந்த மேசையில் வைக்கவே கூடாது. திராட்சைத் தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. சனி காலை பிழிந்து வெளியில் வைத்தால் நம் வெக்கைக்கு ஞாயிறு காலைக்குள் நுரை வந்துவிடும். 1869இல் தோமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்தர் பாட்டிலில் அடைத்த ரசத்தைச் சூடாக்கிப் புளிப்பை நிறுத்தியதும் இந்த மேசைக்காகத்தான். நாம் செய்யவேண்டியதும் அதே.

சிறு கிண்ணத்தை முக்கால் நிரப்பினால் ஏறக்குறைய 9 மில்லிலீற்றர். 110 பேருக்கு ஒரு லீற்றர், சிந்துவதற்கும் வீட்டில் இருப்போருக்கும் கால் லீற்றர் கூட. கறுப்புத் திராட்சை 2 கிலோ வாங்கினால் போதும். காம்பு நீக்கி, கழுவி, தண்ணீர் சேர்க்காமல் மெல்லிய நெருப்பில் வைத்து மசியுங்கள். விதையை அரைத்துவிடாதீர்கள், கசக்கும். மெல்லிய துணியில் வடித்து, வடித்த ரசத்தைத் திரும்பவும் சூடாக்குங்கள். ஆவி பறந்து ஓரத்தில் சிறு குமிழ் வரும்போது இறக்குங்கள், கொதிக்க விட்டால் பாகு மணம் வரும். வெந்நீரில் அவித்த போத்தலில் சூட்டோடு ஊற்றி மூடி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் பாவியுங்கள். கிண்ணங்களை ஆராதனைக்கு அரை மணித்தியாலம் முன் நிரப்பி, உடனே வெள்ளைத் துணியால் மூடுங்கள். திறந்து வைத்தால் ஈ வரும்.

பாண், ஒரு றாத்தல் போதும். முதல் நாள் பாண் எடுங்கள், அன்றைக்குச் சுட்டது வெட்டும்போது உதிரும். ஓரம் நீக்கி ஒன்றரை சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டினால் 110 பேருக்குத் தாராளம். பிட்பதற்கு ஒரு பெரிய துண்டை முழுதாக வையுங்கள், மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுபவர்கள் அதிகம். மிஞ்சியதை ஆராதனை முடிந்ததும் உக்கிராணக்காரர்கள் (சபைப் பொறுப்பாளர்கள்) உட்கொள்ளுங்கள், அல்லது மண்ணில் சேருங்கள். கழுவுதொட்டியில் ஊற்றவேண்டாம்.

பழைய_சுற்றுப்பிரசங்கி எழுதியது:

வாக்குத்தத்த அட்டையைச் சேர்க்கவேண்டாம். அட்டையில் ‘கர்த்தர் எனக்கு இந்த வருடம் என்ன தருவார்’ என்று பார்க்கிறோம், உடன்படிக்கையில் ‘என்னை எதற்கும் எடுத்துக்கொள்ளும்’ என்கிறோம். இரண்டையும் ஒரே மணித்தியாலத்தில் வைத்தால் சபையார் அட்டையை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அட்டை 31 இரவோடு இருக்கட்டும்.

கையொப்பம் நல்லது, சேகரிப்பதுதான் பிழை. எழுத்தில் செய்துகொள்ளுங்கள் என்று வெஸ்லி எடுத்தாண்ட பழைய வழிகாட்டலிலேயே அறிவுரை உண்டு. ஆனால் அது தனியே, கடவுளுக்கு முன்னால். தாளை வாங்கி அலுமாரியில் வைத்தால் யார் கையொப்பம் போடவில்லை என்று அடுத்த வாரம் ஊர் பேசும். அவரவர் வேதாகமத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இளைஞர்களில் திடப்படுத்தல் (ஞானஸ்நான வாக்கைத் தாமே உறுதிசெய்யும் ஆராதனை) எடுக்காதவர்கள் இருந்தால், இது ஞானஸ்நானத்துக்கு மாற்று அல்ல, ஞானஸ்நானத்தில் தொடங்கியதைப் புதுப்பிப்பது என்று முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜனவரியும் ‘எனக்கு மறுபடி ஞானஸ்நானம் வேண்டும்’ என்று ஒருவர் வந்து நிற்பார்.

வர முடியாத நோயாளிகளுக்கு அன்று பின்னேரமே குருவானவர் அதே மேசையின் பாணையும் ரசத்தையும் கொண்டுபோகட்டும். உடன்படிக்கை ஜெபத்தை முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. கட்டிலில் கிடப்பவரிடம் ‘பாடுபட வையும்’ என்ற வரியை நாம் வாசிக்காமல், அவர் விரும்பினால் அவரே சொல்ல விடுங்கள்.